மூன்றடிக்கு ஐந்தடி

தாலுகா அலுவலகத்திலிருந்து வந்தவர்
மூன்றடிக்கு ஐந்தடி என்றார்.
மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து,
இரவிலும் தெரிய ஒரு விளக்கு.
சூசைநாதன் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவன்.
புள்ளிக்குக் காசில்லை என்று சிரித்தபடி
தூரிகையை நனைத்தான்.
சொல்லுங்க சார்.

கடலூர்த் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால்
அன்றிரவு யாருக்கும் கூடாரம் கிடையாது.
எழுது.
முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்பதையும் எழுது,
அது எனக்கு.

சவுக்கு மரத்தடியில் கூடாரம் அடிக்கக் கூடாது.
நிழலுக்குத்தானே தாழங்குடா வருகிறார்கள்
என்பான் டிராக்டர் கலிவரதன்.
வேரோடு சாயும் மரமாவது முன்கூட்டி முனகும்.
சவுக்கு இடுப்பில் ஒடியும்.
ஒடிந்த பாதி எங்கே விழும் என்பது
காற்றுக்கே தெரியாது.

முகத்துவாரத்தில் இறங்காதீர்.
பெண்ணையாற்றில் மேலே எங்கோ மதகு திறந்த சேதி
வரும் முன்னே
தண்ணீர் வந்துவிடும்.

காற்று எழும்பினால் முதலில் சிலிண்டரை மூடவும்.

இந்த வரியில் நிறுத்தினேன்.
டீ வரட்டும் சார் என்றான் சூசைநாதன்.

போன கார்த்திகை, இரவு பதினொன்றே கால்.
கூண்டு ஏறியும் காசுக்காக வைத்திருந்தேன் அவர்களை.
டிராக்டர் பெட்டியில் இரண்டு நடை.
புயல் பாதுகாப்பு மையத்தின் படியில் நின்று
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பதிவேட்டைப் பிரித்தேன்.
முப்பத்து நான்கு பெயர்.
முப்பத்து நான்கு தலை.
இரண்டு முறை எண்ணினேன், சரி.
கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டு
எல்லாரும் வந்தாச்சு என்றேன்.
அந்தக் குரலில் இருந்த பெருமை
இன்னும் கிடக்கிறது தொண்டையில், மீன்முள்ளாக.

நெய்வேலிக்காரர் மகள்,
முன்பல் விழுந்த வயசு,
போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்:
தோசை ஊத்துற அக்கா எங்க?

பதிவேட்டில் கார் எண் இருந்தது.
ஆதார் நகல் இருந்தது.
எந்தக் கூடாரத்தில் சைவம்,
யாருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது,
யார் தலையணை இரண்டு கேட்டார்,
எல்லாம் இருந்தது.
அஞ்சலாட்சி இல்லை.
சம்பளம் வாங்குகிறவள்
தலைக்கணக்கில் வருவாள் என்று
எனக்குத் தோன்றியதே இல்லை.

பாதையில் மரம். டிராக்டர் போகாது.
நானும் கலிவரதனும் நடந்தோம்.
நடந்தோம் என்பது பொய்,
காற்று தள்ளிய பக்கமெல்லாம் போய்
திரும்பித் திரும்பி வந்தோம்.
சமையல் கொட்டகை இருந்த இடத்தில்
நாலு கம்பு நின்றது.

கழிப்பறைதான் எங்களிடம் இருந்த ஒரே கான்கிரீட்.
அதற்குள் உட்கார்ந்திருந்தாள்,
மடியில் இரண்டு நாய்க்குட்டி.
நான்கு சிலிண்டரையும் திருகி மூடி,
மெயினை இறக்கி,
ஜெனரேட்டருக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு.
படிக்கத் தெரியாதவள்.
சாயங்காலம் விருந்தினருக்கு நான் விதிகளை வாசித்தபோது
வெங்காயம் உரித்தபடி கேட்டிருக்கிறாள்.
விருந்தினர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் மூடிட்டேன் சார், என்றாள்,
வண்டி போயிடுச்சு.
இரண்டையும் ஒரே குரலில்.

டீ ஆறியிருந்தது.
எழுது, சூசைநாதா:
இங்கே உறங்கும் எல்லார் பெயரும் எழுதப்படும்,
காசு கொடுப்பவர், காசு வாங்குபவர்.
எடமில்லையே சார், என்றான்,
மேலே பெருசா நல்வரவு போட்டுட்டேன்.
அதை அழி என்றேன்.

இப்போது மாலை ஆறு மணிக்கு
பதிவேட்டின் முதல் வரி அவளுடையது.
பெயர் அஞ்சலாட்சி. ஊர் இதே ஊர்.
வயசு கேட்டால் ஒரு நாள் நாற்பது என்பாள்,
மறுநாள் ஐம்பத்திரண்டு.
சொன்னபடியே எழுதுகிறேன்.